ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு மனித உரிமையா, பொருளாதாரமா?

டென்ஸ் தடுமாறுகிறது என்பது ஒரு குறை. வாயே திறக்க வரவில்லை என்பது வேறு குறை. பேசிப் பழக எடுக்கும் தலைப்பு, முதல் குறைக்குப் பொருளாதாரம், இரண்டாவதற்கு மனித உரிமை. மாற்றி எடுத்தால் பயிற்சி இழுக்கும்.

விலை, வட்டி, வேலையின்மை என எதைப் பற்றிப் பேசினாலும் கூடவே ஒரு காலம் வந்து நிற்கும். அப்புறம் வினைச்சொல்லை மழுப்ப முடியாது. ஒரு விலை வரைபடத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். "ஆயில் பிரைசஸ் ஃபெல் ஷார்ப்லி இன் லேட் 2008": முடிந்துபோன காலம், சிம்பிள் பாஸ்ட். "பிரைசஸ் ஹேவ் ரிசன் சின்ஸ் ஜனவரி": அன்று முதல் இன்று வரை கணக்கு, பிரசன்ட் பெர்ஃபெக்ட். "பிரைசஸ் ஹேவ் பீன் ரைசிங் ஃபார் த்ரீ மன்த்ஸ்": ஏற்றம் இன்னும் ஓயவில்லை.

தமிழர்கள் அதிகம் சறுக்குவது இந்த மூன்றாவதில்தான். "மூணு மாசமா ஏறுது" என்று நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகியதால், "பிரைசஸ் ஆர் ரைசிங் சின்ஸ் த்ரீ மன்த்ஸ்" என்று வந்துவிடும். அதில் பிழை இரண்டு. வினை வடிவம் தவறு, சின்ஸும் தவறு. தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், ஓடிய கால அளவுக்கு ஃபார்.

ரைஸ், ரெய்ஸ் குழப்பத்துக்கு மட்டும் தமிழே கைகொடுக்கும்: ஏறு, ஏற்று. "ரேட்ஸ் ரோஸ்" என்றால் ஏறின. "த பேங்க் ரெய்ஸ்டு ரேட்ஸ்" என்றால் வங்கி ஏற்றியது. வட்டி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனால் "ரோஸ் டு 6 பெர்சென்ட்" அல்லது "ரோஸ் பை 2 பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்". "பை 2 பெர்சென்ட்" என்று சொல்லிவிட்டால் 4-இல் 2 சதவீதம் மட்டும் கூடும், அது 4.08 தான்.

பொருளாதாரத்தின் குறை, பேச்சு சீக்கிரம் செத்துவிடும். ஒருவர் எண்களை வாசித்து முடித்தால் மற்றவருக்கு மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

மனித உரிமையில் அந்தப் பஞ்சமே கிடையாது. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள். பல பிரிவுகள் ஓரிரு வாக்கியம்தான், ஒன்றை எடுத்தால் ஒரு வகுப்புக்குப் போதும். ஆனால் டென்ஸ் பழக அந்த நடை உதவாது. எங்கு பார்த்தாலும் 'ஷல்'. 4-ஆம் பிரிவு "நோ ஒன் ஷல் பி ஹெல்ட் இன் ஸ்லேவரி" என்கிறது. மனப்பாடம் செய்து அப்படியே பேசினால் தீர்ப்பு வாசிப்பது போலிருக்கும். "நோபடி ஷுட் பி ஹெல்ட்" என்று மாற்றச் சொல்லுங்கள். பாசிவ் வாய்ஸும் சேர்ந்தே பழகும்.

டென்ஸ் வேண்டுமென்றால் ஆண்டுகளை நாமே உள்ளே கொண்டுவர வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை நியூசிலாந்தில் 1893-இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் தேசியத் தேர்தல்களில் 1971-இல்தான். "பிஃபோர் 1971, ஸ்விஸ் விமன் குட் நாட் வோட் இன் நேஷனல் எலெக்ஷன்ஸ்." சரி, அன்று முதல் இன்று வரை? 'கேன்' என்பதற்கு பெர்ஃபெக்ட் வடிவம் இல்லை. அதனால் "தே ஹேவ் பீன் ஏபிள் டு வோட் சின்ஸ் 1971". நன்றாகப் பேசுபவர்களே இங்கே ஒரு நொடி நிற்பார்கள்.

இந்தத் தலைப்பின் தொல்லை வேறு மாதிரி: சூடு ஏறியதும் ஒருவர் மேடைப் பேச்சில் இறங்கிவிடுவார், இன்னொருவர் தமிழுக்குத் தாவிவிடுவார். ஒரு முறைக்கு 90 வினாடி என்று கட்டுப்படுத்துங்கள். பேசி முடிப்பவர் ஒரு கேள்வியோடுதான் முடிக்க வேண்டும். நடுவில் திருத்துவது கூடாது. பிழையைத் தாளில் குறித்து வைத்துக் கடைசியில் சொன்னால் போதும்.

இரண்டு தலைப்பும் வேண்டும் என்பவர்களுக்குப் பிரகடனத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது: சம வேலைக்குச் சம ஊதியம். 20 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் ஊதிய வரைபடத்தை விவரியுங்கள், 10 நிமிடம் வாதாடுங்கள், மீதி 5 திருத்தத்துக்கு. ஒரு அமர்வில் ஒரே ஒரு டென்ஸின் பிழைகளை மட்டும் குறியுங்கள். எல்லாவற்றையும் குறித்தால் அடுத்த முறை பேசுபவர் வாக்கியத்தைத் தொடங்கவே யோசிப்பார்.