சும்மா கிடைக்கிற ஜாக்கெட்டா, மாசாமாசம் வர்ற காசா: ஸ்கீ பயலுக்கு ஸ்பான்சர் பாத்த கணக்கு

எங்க ஆச்சி, அதாவது அக்கா, மகன் கனடாவுல கால்கரில வளந்த பய. ஃப்ரீஸ்டைல் ஸ்கீ, அதுல ஸ்லோப்ஸ்டைல், அதாவது கம்பி மேல வழுக்கிக்கிட்டு வந்து மேட்டுலருந்து எகிறி அந்தரத்துல சுத்தி இறங்குறது. 1988 ஒலிம்பிக்குக்குக் கட்டுன மைதானம் ஊருக்குள்ளயே இருக்குறதால சின்னதுலயே ஒட்டிக்கிச்சு. இப்ப ரெண்டு ஜாக்கெட் கம்பெனி ஸ்பான்சர் பண்றோம்னு காகிதம் அனுப்பியிருக்காக, ஒண்ணு உலகம் பூரா கடை வச்சிருக்குற பெருசு, இன்னொண்ணு ஸ்கீ ஆளுகளே சேந்து நடத்துற சின்னது. ரெண்டையும் வாங்கிக்க முடியாது, ஜாக்கெட் பேண்ட் வகைல ஒரு கம்பெனிதான்னு ரெண்டு காகிதத்துலயும் போட்டிருக்கு. கணக்கு பாக்குற அம்மான் காரைக்குடில சும்மாதானே இருக்காருன்னு எனக்கு அனுப்பிட்டான்.

முதல்லயே சொல்லிர்றேன், நாங்க எடுத்தது சின்ன கம்பெனி. அதனால இத நடுநிலையா படிக்காதீக. ஜாக்கெட் தரத்தப் பத்தியும் என்கிட்ட கேக்காதீக, மார்கழில கூட ஃபேன் போட்டுத் தூங்குற ஊருக்காரன் நான். தண்ணி இறங்குமா இறங்காதா, தையல் தாங்குமாங்கறதெல்லாம் பய பாத்துட்டு ரெண்டும் நல்லாத்தான் இருக்குன்னுட்டான், அதோட விட்டாச்சு.

ஸ்பான்சர்னதும் ஆச்சி கோடி ரூபா வருதுன்னு நெனச்சிருச்சு. இந்த லைன்ல படிப்படியாத்தான் ஏறணும். அடிப்படி என்னன்னா கழிவு விலைக்கு சாமான், காசு நாமதான் குடுக்கணும். அடுத்த படிய ஃப்ளோங்குறான், அதுல ஜாக்கெட் பேண்ட் எல்லாம் சும்மா வரும், ஆனா சம்பளம் கிடையாது. அதுக்கு மேலதான் போட்டோ பத்திரிகைல விளம்பரத்துல வந்தா இவ்வளவு, போட்டில முதல் மூணு எடத்துல வந்தா இவ்வளவுன்னு காசு, போக்குவரத்துச் செலவு, மாசச் சம்பளம், கடைசியா உம்பேருலயே ஜாக்கெட் போட்டு அதுல பங்கு. பெரிய கம்பெனி குடுத்தது ஃப்ளோவும் ஜெயிச்சா போனஸும். சின்ன கம்பெனி குடுத்தது ஒரு செட் சாமான், கொஞ்சூண்டு மாசக் காசு, வருஷத்துக்கு ரெண்டு மூணு வீடியோ ஷூட்டுக்குப் போக்குவரத்து.

பெரிய கம்பெனி பக்கம் என்ன பெருமைன்னா பேரு. அந்த லோகோ நெஞ்சுல இருந்தா அடுத்த ஸ்பான்சர் கதவத் தொறப்பான், கண்ணாடிக்காரன் ஹெல்மெட்காரன் எல்லாம் மதிப்பான், அது உண்மைதான், மறுக்கல. சாமானும் வண்டி வண்டியா வரும். ஆனா நம்ம வீடுகள்ல சீர்ல வந்த எவர்சில்வர் அடுக்கும் வாளியும் ரெண்டாங்கட்டு ரூம்ல பூட்டிக் கிடக்குமே, விக்கவும் மனசு வராது, வச்சு என்ன செய்யன்னும் தெரியாது, அந்த மாதிரிதான் இந்த ஜாக்கெட் குவியலும். இங்க மனசு வராதுங்கறது கூட இல்ல, விக்கக்கூடாதுன்னே ஷரத்து. கடையில ஒண்ணு ஐநூறு டாலரத் தாண்டும், சரி, அதக் காட்டி பெட்ரோல் போட முடியுமா, கோச்சுக்கு ஃபீஸ் கட்ட முடியுமா. போதாததுக்கு வேலைக்குப் பதிலா வர்ற பண்டமும் அங்க வருமானக் கணக்குல வரலாம், அத அந்த ஊரு ஆடிட்டர்ட்ட கேட்டு எழுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பேரேட்டுல வரவுப் பக்கம் எழுதிட்டுப் பணப்பெட்டியத் தொறந்தா ஒண்ணும் இருக்காது.

எங்க தெரியும் அந்த லோகோங்கறது அடுத்த விஷயம். ஒலிம்பிக்னா நாடு குடுக்குற யூனிஃபார்ம்தான், சொந்த ஸ்பான்சர் ஜாக்கெட்டுக்கு அங்க வேலையே இல்ல. போட்டி நடக்குற நாள்கள்ல சொந்த ஸ்பான்சர் விளம்பரத்துல முகத்தக் காட்டவும் கட்டுப்பாடு இருக்கு, 2019-ல கொஞ்சம் தளத்துனாக. எக்ஸ் கேம்ஸ் மாதிரி ஆளக் கூப்புடுற போட்டின்னா சொந்த ஜாக்கெட்டோட எறங்கலாம். சீனாவுக்காக எறங்குற ஸ்கீ வீராங்கனை ஐலீன் கூக்கு ரெண்டும் ஒண்ணா அமைஞ்சுச்சு, 2022 பெய்ஜிங்ல ரெண்டு தங்கம் ஒரு வெள்ளி, சீன ஒலிம்பிக் குழுவுக்கும் ஸ்பான்சர் அன்டாங்குற சீன விளையாட்டுத் துணிக் கம்பெனி, அந்தப் பொண்ணுக்கும் அன்டா. அது மாதிரி எல்லாருக்கும் வாய்க்காது. நம்ம பயலுக்கு இப்போதைக்கு வீடியோதான் முகம், வீடியோ எடுக்கக் காசு குடுக்குறது சின்ன கம்பெனி. இந்த ஸ்கீ உலகத்துல நெறயப் பேரு பேர் வாங்குனதே போட்டில இல்ல, வீடியோலதான்.

இதெல்லாம் வச்சுப் பாத்தாக் கூட தராசு ரொம்பச் சாயல, அத்தான் பெரிய கம்பெனிதான்னு நின்னாக, பேரு வந்தா காசு தானா வரும்னாக. என்னய ஒரு பக்கம் தள்ளுனது அடிபட்டா என்னங்குற ஷரத்து. அதத்தான் விடிய விடியப் படிச்சேன்.

இந்த வெளையாட்டுல முழங்கால் போறது சர்வ சாதாரணம். முழங்காலுக்குள்ள இருக்குற ஏசிஎல் தசைநார் கிழிஞ்சா ஆபரேஷன், பெறகு திரும்ப எறங்க ஒம்பது மாசத்துலருந்து ஒரு வருஷம். பனி சீசனே நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும்தான், அப்ப ஒரு தடவ கிழிஞ்சா ஒரு சீசன் முழுசாப் போச்சு. பெரிய கம்பெனி காகிதத்துல காசு வர்றதெல்லாம் ஜெயிச்சாத்தான், கட்டுப் போட்டுப் படுத்திருக்குறவன் எங்க ஜெயிக்க, வருமானம் சைபர். அதுக்கும் கீழ இன்னொரு வரி, தொடர்ந்து இத்தன நாள் எறங்க முடியலன்னா கம்பெனி விருப்பப்பட்டா முறிச்சுக்கலாம்னு. அதாவது எப்ப கை குடுக்கணுமோ அப்பக் கைய எடுத்துக்குவேன்னு முன்னாடியே எழுதி வாங்குறான்.

சின்ன கம்பெனி காகிதத்துலயும் அடிபட்டா சம்பளத்தக் கொறைக்கலாம்னுதான் மொதல்ல இருந்துச்சு, எவ்வளவுன்னு இல்லாம. அத மாத்தச் சொன்னோம். ஆறு மாசம் முழுச் சம்பளம், பெறகு ஒப்பந்தம் முடியுற வரைக்கும் பாதி, அந்தக் காலத்துல அவன் கம்பெனிக்கு மத்த வேலை செய்வான், கடைத் திறப்பு, பிள்ளைகளுக்கு கேம்ப், இப்புடி. ஒத்துக்கிட்டாக. பெரிய கம்பெனிட்டயும் இதே கேட்டோம், எல்லாருக்கும் ஒரே காகிதம்தான், மாத்த மாட்டோம்னு பதில் வந்துச்சு. தப்புன்னு சொல்ல மாட்டேன், அவுக நூறு பேருக்குக் குடுக்குறாக.

சம்பளத்த விட எனக்கு உறுத்துனது இன்சூரன்ஸ். சாரா பர்க்குன்னு கனடாப் பொண்ணு, ஸ்கீ ஹாஃப்பைப்ப, அதாவது பாதிக் குழாய் மாதிரி வெட்டுன பனிப் பள்ளத்துல ஏறி எகிறுற போட்டிய, ஒலிம்பிக்ல சேக்கணும்னு போராடுனவுகள்ல முக்கியமான ஆளு. 2012 ஜனவரில அமெரிக்கால பார்க் சிட்டில பயிற்சில விழுந்து, ஒம்பது நாள் கழிச்சு எறந்து போச்சு. அது நாட்டு அணி நடத்துன பயிற்சி இல்ல, தனியார் ஸ்பான்சர் நிகழ்ச்சி, அதனால கனடா சங்கத்தோட இன்சூரன்ஸ் பாயல. ஆஸ்பத்திரி பில்லுக்கு ஊர் உலகமெல்லாம் காசு போட்டுச்சு, மூணு லட்சம் டாலருக்கு மேல சேந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்ட ஹாஃப்பைப் 2014 சோச்சில ஒலிம்பிக்குக்கு வந்துச்சு, பாக்க அது இல்ல. இதப் படிச்சப்பெறகு நான் ஆச்சிக்கு போன் போட்டு, கம்பெனி கூட்டிட்டுப் போற ஷூட்டுக்கு யாரு இன்சூரன்ஸ்னு எழுத்துல இல்லாம பய எங்கயும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னேன். கனடாக்குள்ள விழுந்தா அரசாங்க வைத்தியம் இருக்கு, எல்லையத் தாண்டி அமெரிக்காலயோ ஜப்பான்லயோ விழுந்தா? ஸ்கீ வீடியோ நெறய எடுக்குறது வெளிநாட்டுலதான். பெரிய கம்பெனி காகிதம் எல்லாப் பொறுப்பும் வீரரோடதுன்னு ஒத்த வரில முடிச்சிருச்சு. சின்ன கம்பெனி, நாங்க ஏற்பாடு பண்ற ஷூட்டுக்கு பயண மருத்துவ இன்சூரன்ஸ் நாங்க, ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்ற செலவும் அதுல அடக்கம்னு எழுதிக் குடுத்தாக. எனக்கு அங்கயே முடிஞ்சிருச்சு.

அடிபட்டவன் முடிஞ்சான்னும் இல்ல பாருங்க. பிரான்ஸ்காரரு கேண்டிட் தோவெக்ஸ்னு ஸ்கீ வீரர் 2007-ல முதுகெலும்ப ஒடிச்சுக்கிட்டாரு, 2010-ல ஃப்ரீரைட் வேர்ல்ட் டூர்ங்குற மலைச்சரிவு ஸ்கீ போட்டித் தொடர் பட்டத்தையே அடிச்சாரு. நடுவுல மூணு வருஷம். அவரு அப்பவே பெரிய ஆளு, கம்பெனி காத்திருக்கும். இருவது வயசுப் பயலுக்குக் காத்திருக்க எவனும் இல்ல, எழுதி வாங்குனாத்தான் உண்டு.

சின்ன கம்பெனி மேல பயம் இல்லாம இல்ல. நாளைக்கு மூடிட்டா? அத்தான் கேட்ட நியாயமான கேள்வி இதுதான். அதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. பெருசுன்னா விழாதுன்னும் இல்ல, க்விக்சில்வர்ங்குற பெரிய துணி கம்பெனி அமெரிக்கால 2015-ல திவால் மனு போட்டுச்சு. ஸ்கீ ஆளுகளே சேந்து 2002-ல ஆரம்பிச்ச ஆர்மடாங்குற ஸ்கீ கம்பெனிய 2017-ல ஆமர்ங்குற பெரிய விளையாட்டுச் சாமான் கம்பெனி வாங்குச்சு, அந்த ஆமரையே 2019-ல அன்டா தலைமையில ஒரு கூட்டணி வாங்கிருச்சு. முதலாளி கை மாறுனா பழைய முதலாளி வாயால சொன்னதெல்லாம் காத்தோட போயிரும். அதனால கை மாறுனா பய விரும்புனா வெளில வரலாம், அதுவரைக்கும் உள்ள பாக்கிய கம்பெனி தீத்துறணும்னு ஒரு வரி சேத்தோம். சம்பளமும் மூணு மாசத்துக்கு ஒருக்கா முன்பணமா. கடன் குடுத்துப் பொழைச்ச ஊருல பொறந்துட்டு பின்பணத்துக்கு ஒத்துக்கலாமா.

தானே கம்பெனி ஆரம்பிக்கலாம்னு மூணாவது வழியும் பய சொன்னான். சோச்சில பேண்ட் எறங்க எறங்க ஸ்கீ விட்டாரே ஸ்வீடன்காரரு ஹென்ரிக் ஹார்லாட், அவரு பிற்பாடு சொந்தத் துணி பிராண்டே போட்டாரு. அதுக்கு மொதல்ல ஹார்லாட் ஆகணும்னு ஆச்சி சொல்லிருச்சு.

எனக்குப் பிடிக்காத ஷரத்து சின்ன கம்பெனியிலயும் ஒண்ணு இருக்கு. ஒப்பந்தம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள வேற கம்பெனி கூப்புட்டா அதே தொகைய இவுக குடுத்தா இவுககிட்டயேதான் இருக்கணும்னு. எடுக்கச் சொன்னோம், எடுக்கல, அந்த ஆறு மாசத்த ரெண்டு மாசமாக் கொறைச்சாக. பய ஏற்கெனவே உலகக் கோப்பைல மூணு எடத்துக்குள்ள வந்துக்கிட்டிருக்குற ஆளா இருந்திருந்தா, போனஸே நல்ல காசா வரும், அப்ப நானும் அத்தான் பக்கம் போயிருப்பேன், இன்சூரன்ஸ மட்டும் சொந்தக் காசுல தனியா எடுத்துக்கச் சொல்லி.