வகுப்புக்கு எது: வாட்ஸ்அப் குழுவா, கூகுள் கிளாஸ்ரூமா, வலைப்பூவா?

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. கட்டுரை எழுதச் சொன்னால், முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை உரைநூலில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிடுவார்கள். இதற்கு வழி தேடித்தான் வாட்ஸ்அப் குழு, கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப், வலைப்பூ என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான்கையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். பிள்ளை எழுதியதை யார் படிக்கிறார்கள் என்பதில்தான் இவை வேறுபடுகின்றன.

வாட்ஸ்அப்பைப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பினால் போதும், விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் வீட்டுப்பாடம் வாங்க அதை நம்பினால் தொல்லைதான். நோட்டைப் படம் எடுத்து ஒவ்வொருவரும் அனுப்ப, பாதிப் படம் நிழலடித்திருக்கும், மீதி தலைகீழாக இருக்கும். நடுவே யாராவது பிறந்தநாள் வாழ்த்துப் போட, முதல் படம் எங்கோ மேலே போய்விடும். பல வீடுகளில் ஒரே போன்தான். அதுவும் அப்பாவோடு காலையில் கிளம்பி இரவுதான் திரும்பும். என்னை அதிகம் உறுத்தியது வேறு: குழுவில் சேர்ந்த எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைகள் வீட்டு எண் அப்படி வெளியே கிடப்பது சரியில்லை. இப்போது நிர்வாகி மட்டும் செய்தி போடும்படி வைத்து, அறிவிப்புக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

கிளாஸ்ரூம் ஒழுங்கான பிள்ளை மாதிரி. 2014-இல் கூகுள் இதைக் கொண்டுவந்தபோதே ஆசிரியரின் தாள் சுமையைக் குறைப்பதுதான் நோக்கம். அதை நன்றாகவே செய்கிறது. ஒரு பயிற்சித்தாளை ஏற்றினால் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப்பிரதி போகும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். பிழையைப் பிறர் அறியாமல் அவருக்கு மட்டும் குறித்து அனுப்பலாம். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். இலக்கணப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கட்டுரைக்கு வரும்போதுதான் இடிக்கிறது. அங்கே படிக்க இருப்பது நான் ஒருத்திதான். எனக்காக எழுதும்போது பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக எழுதுகிறார்கள். பழைய உரைநூல் நடை திரும்ப வந்துவிடுகிறது.

காணொளியின் பலம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்பது. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்பதை அலகிட்டு, புளிமா, புளிமா, புளிமாங்காய் என்று விரலால் தட்டிக் காட்டுவதை ஐந்து முறை திருப்பிப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனா காலத்தில் ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கும் பாடத்தைக் கொண்டுபோனது. ஆனால் அங்கே பிள்ளை பார்வையாளர் மட்டுமே.

வலைப்பூ வேறு ரகம். எங்களுடையது பிளாகரில் இருக்கிறது. 1999-இல் தொடங்கிய சேவை, என் மாணவர்களைவிட வயதில் மூத்தது. வீட்டில் நோட்டில் எழுதி வருவார்கள், நாங்கள் சேர்ந்து திருத்துவோம், அப்புறம் கணினி ஆய்வகத்தில் தமிழ்99 விசைப்பலகையில் அவர்களே தட்டச்சு செய்வார்கள். போனில் பேசி எழுத வைக்கலாமே என்று முயன்றோம். கருப்பட்டி காய்ச்சும் குடிசையை எங்கள் பக்கத்தில் ‘விடிலி’ என்போம். போன் அதை ‘விடியல்’ ஆக்கிவிட்டது.

அந்த விடிலி வந்த கதையைச் சொல்ல வேண்டும். கருப்பட்டி காய்ச்சும் தாத்தாவைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். ‘பதநீரைக் கொதிக்க வைத்து, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பதிவுக்கு வந்த கருத்தில் ஒருவர், ‘பதம் வந்தது எப்படித் தெரியும் பாப்பா?’ என்று கேட்டிருந்தார். நான் சிவப்பு மையில் ‘விரிவாக எழுதுக’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! முகம் தெரியாத ஒருவர் கேட்டதும் அன்று மாலையே விடிலிக்குப் போய்த் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பொங்கி வழியாமல் இருக்க நசுக்கிய ஆமணக்கு விதை போடுவது, பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடுவது எல்லாம் அடுத்த பதிவில் வந்தன. எந்த உரைநூலிலும் இல்லாத தமிழ் அது. படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சொந்தமாக எழுத வைக்க வேண்டுமென்றால் என் ஓட்டு வலைப்பூவுக்குத்தான். ஆனால் வேலை கூடுதல், கவனமும் கூடுதல். எல்லாரும் படிக்கும் இடம் என்பதால் எங்களிடம் சில கட்டுப்பாடுகள் உண்டு. முழுப்பெயர் கிடையாது, பிள்ளைகள் படம் கிடையாது, நான் பார்க்காமல் எந்தக் கருத்தும் வெளியாகாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாத எல்லாருமே குழந்தைகள்தான். அதனால் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே ஒரு பிள்ளையின் பதிவு ஏறும். அழைத்தவர் மட்டும் படிக்கும்படி பூட்டி வைக்கவும் பிளாகரில் வழி இருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

இன்னொன்று: வலைப்பூ ஆசிரியரின் சொந்தக் கணக்கில் மட்டும் இருந்தால், அவர் மாறுதலில் போனதும் அது கவனிப்பாரற்றுப் போகும். அதனால் இந்த ஜூனில் எங்கள் கணினி ஆசிரியையையும் நிர்வாகியாகச் சேர்த்துவிட்டேன்.