பழசாக்கிய லைட்சேபர் பிடி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் கையில் இருக்கும் லைட்சேபரின், அதாவது ஒளிவாளின், பிடி அடிப்படையில் ஒரு பழைய கேமரா ஃபிளாஷின் பேட்டரி பிடி. நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரின் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் செய்தது. பித்தளைக் குழாய், மேலே வெள்ளி நிற முலாம். அதன் நகலை "சுத்தப் பித்தளை, ஆசிட் வைத்துக் கையால் பழசாக்கியது" என்று விற்ற ஒருவரிடம் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டி வாங்கினோம். வந்தது பெயின்ட் அடித்த அலுமினியம்.

முதலில் காட்டிக்கொடுத்தது எடை. ஒரே பருமனில் பித்தளை அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம். பிடியைத் தராசில் வைத்துப் படம் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். விற்பவர் காந்தம் ஒட்டாததை வீடியோவில் காட்டினார். காந்தம் அலுமினியத்திலும்தான் ஒட்டாது!

அடுத்தது தேய்மானம். உண்மையில் முலாம் தேய்வது விளிம்பிலும், குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பைச் சுற்றியும், உள்ளங்கை படும் இடத்திலும்தான். இதிலோ விரலே நுழையாத பள்ளத்துக்குள்ளும் பொன்னிறப் புள்ளிகள். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு அடிப்பகுதியில் தேய்த்தால் பொன்னிறமும் கறுப்பும் சேர்ந்தே பஞ்சுக்கு வந்துவிட்டன. இரசாயனத்தால் உலோகத்தில் ஏறிய கறுப்பு அசிட்டோனுக்கு அசையாது. இந்தச் சோதனைக்கு முன் கிளாம்பில் சொருகிய குமிழ் வரிசையைக் கழற்றிவிடுங்கள். படத்துக்காக அதை எக்சாக்ட்ரா கால்குலேட்டரின் டிஸ்பிளேயிலிருந்து எடுத்தார்கள். நகலில் வருவதும் பிளாஸ்டிக்தான், அசிட்டோன் பட்டால் மங்கிப் பாழாகும்.

கிளாம்பு மட்டும் நிஜப் பித்தளை. அதைப் பழசாக்க, உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு போட்டிருக்கிறார், சரியாகக் கழுவவில்லை. கொஞ்ச நாளில் கிளாம்பின் இடுக்கில் பச்சைப் பொடி, அது தொடும் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, இரும்புத் திருகில் துரு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே குளோரைடு ஈரம் தங்கினால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். திருகைக் கழற்றி, கிளாம்பைச் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, முழுக்கக் காயவைத்து மெழுகு பூசினால் அரிப்பு நிற்கும். அரித்த குழி அரித்ததுதான்.

பிடியின் மேல் வரும் ரப்பர் பட்டைகளைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருந்தார். சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி கறை, இரண்டு பட்டை கையோடு வந்துவிட்டன. ஒட்டும் இடத்தை 220 நம்பர் எமரியால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பசை போட வேண்டும். அதுவும் பழசாக்கும் வேலை முழுவதும் முடிந்த பிறகு.

திருப்பி எடுக்கக் கேட்டால் "கஸ்டம் வேலை, ரிட்டர்ன் கிடையாது" என்றார். வேலை சரியில்லை என்பது வேறு, உலோகமே வேறு என்பது வேறு. பணம் கட்டிய தளத்தில் புகார் கொடுப்பதானால் இரண்டாவதை மட்டும் எடையோடும் படத்தோடும் எழுதுங்கள். "அழகாக இல்லை" என்று ஆரம்பித்தால் ரசனைச் சண்டையாகிவிடும்.

சொல்லப்போனால், பழசாக்கியதை வாங்கவே தேவையில்லை. முலாம் போட்ட பித்தளைப் பிடியைப் புதிதாகவே வாங்குங்கள். விளிம்புகளை 400 நம்பர் எமரியால் பித்தளை தெரியும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பித்தளைக் கறுப்பாக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிடத்துக்குள் அலசுங்கள். மிக மெல்லிய ஸ்டீல் வூலால் லேசாகத் தேய்த்தால் மேட்டில் பித்தளை மின்னும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். போதாவிட்டால் மறுபடி ஒரு சுற்று. லாக்கர் என்ற கண்ணாடி போன்ற பாதுகாப்புப் பூச்சு பூசிய பித்தளையில் திரவம் பிடிக்கவே பிடிக்காது. அந்தப் பூச்சைப் பெயின்ட் ரிமூவரால் முதலில் எடுத்தாக வேண்டும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.