அம்பாசடரை விற்க: பழைய எஞ்சினா, இசுசு மாற்றமா?

ஏற்காடு ஏற ஜப்பான் கம்பெனியான இசுசுவின் 1817 சிசி எஞ்சின்தான் சுகம். ஐந்து கியர், 20 கொண்டை ஊசி வளைவிலும் மூச்சு வாங்காது. ஆனால் மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சியில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். இல்லையென்றால் விவரமானவர் வண்டியைத் தொடமாட்டார்.

பழைய 1489 சிசி எஞ்சினைச் சரிசெய்து விற்பது பொறுமையான வேலை. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பாருங்கள். குறைந்ததில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் உள்சுவர் தேய்மானம்; ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. மலையில் கொதித்தால் உடனே எஞ்சினைத் திட்ட வேண்டாம், போர்வெல் தண்ணீர் உப்பு ரேடியேட்டரை அடைத்திருக்கும்.

50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜாக (பழமை மாறாத வண்டியாக) விற்க, பழைய எஞ்சினைச் சரிசெய்யும் இந்த வழிதான். 2021 விதிப்படி எஞ்சின், சேஸி, பாடி பெரிதாக மாறாதிருந்தால்தான் விண்டேஜ் பதிவு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்புறம் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது, அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.