விட்னி கம்பளியா, விக்கம் நாற்காலியா?

லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வழியாக மேற்கே போகும் ஏ40 சாலைத் தடத்தில் இரண்டு பழைய சந்தை ஊர்கள் இருக்கின்றன. லண்டனை விட்டு ஐம்பது கிலோமீட்டருக்குள் ஹை விக்கம் வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டைத் தாண்டி இருபது கிலோமீட்டருக்குள் விட்னி. முன்னது நாற்காலிக்குப் பேர்போனது, பின்னது கம்பளிப் போர்வைக்கு. இங்கிலாந்தில் ஒரு சந்தை ஊர் எப்படித் தொழில் ஊராக மாறியது என்று பார்க்க உங்களிடம் ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவீர்கள்?

முதலில் விட்னி. ஊரை ஒட்டி விண்ட்ரஷ் ஆறு ஓடுகிறது. 1677-இல் ராபர்ட் பிளாட் என்ற அறிஞர் ஆக்ஸ்ஃபோர்டுஷயரைப் பற்றி எழுதியபோது, விட்னிப் போர்வையின் வெண்மைக்கு இந்த ஆற்றுத் தண்ணீரில் உள்ள ஒரு வகை உப்புதான் காரணம் என்று ஊரார் நம்பியதைக் குறித்திருக்கிறார். அவர் கொடுக்கும் கணக்கு இன்னும் சுவையானது. அறுபது போர்வை வியாபாரிகள், குறைந்தது 150 தறிகள், எட்டு வயதுக் குழந்தை முதல் தள்ளாத கிழவர் வரை ஏறக்குறைய 3,000 பேருக்கு வேலை. பக்கத்து காட்ஸ்வோல்ட் மலையில் மேயும் ஆட்டின் ரோமம்தான் எல்லாம் என்று நினைத்துவிட வேண்டாம். அறுத்த ஆட்டின் தோலிலிருந்து உரித்தெடுத்த ரோமமும் பெருமளவில் வெளியூர்களிலிருந்து வந்து சேர்ந்தது.

தறியிலிருந்து இறங்கும் துணி அப்படியே போர்வை ஆகிவிடாது. அதைத் தண்ணீரில் நனைத்து, ஆற்று விசையில் ஓடும் மரச் சம்மட்டிகளால் அடித்து அடித்துச் சுருக்க வேண்டும். இழை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகும். அப்புறம் வெட்டவெளியில் மரச்சட்டங்களின் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். 1711-இல் ஆன் அரசியின் சாசனத்தோடு நெசவாளர் சங்கம் அமைந்தது. 1721-இல் ஹை ஸ்ட்ரீட்டில் அதற்கென்று போர்வை மண்டபம் கட்டினார்கள். ஊரில் நெய்த ஒவ்வொரு போர்வையும் அங்கே வந்து, அளந்து, எடை போட்டு, முத்திரை வாங்கிய பிறகுதான் விற்பனைக்குப் போகும். மண்டபத்தின் முகப்பில் இன்றும் ஒரே ஒரு முள்ளோடு கடிகாரம் ஓடுகிறது. நிமிட முள் கிடையாது.

இந்த ஊர்ப் போர்வை கனடாவின் பனிக்காடு வரை போனது. ஹட்சன் பே கம்பெனி தோல் வியாபாரத்துக்காக விட்னியில் நெய்த போர்வைகளை 1780 வாக்கில் வாங்க ஆரம்பித்தது. போர்வையின் ஓரத்தில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன நீலக் கோடுகள் நெய்திருக்கும். எத்தனை பீவர் (மரம் கடித்து அணை கட்டும் விலங்கு) தோல் கொடுத்தால் இந்தப் போர்வை கிடைக்கும் என்பதைக் காட்டும் கோடுகள் அவை என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு. மடித்து அடுக்கிய போர்வையைப் பிரிக்காமலே அளவைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கோடுகள்.

சரி, ஹை விக்கத்துக்கு வருவோம். அங்கே தொழிலுக்கு ஆதாரம் ஆறு அல்ல, காடு. சில்டர்ன் மலை முழுக்க பீச் மரம். காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு நாற்காலிக் கால் கடைந்தவர்களை ‘பாட்ஜர்’ என்று அழைத்தார்கள். அவர்களுடைய கடைசல் பட்டறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைக்கு மேலே வளையக்கூடிய ஒரு நீளக் கம்பு, அதன் நுனியிலிருந்து ஒரு கயிறு. கயிறு மரத்துண்டைச் சுற்றிக்கொண்டு கீழே மிதிபலகைக்கு வரும். காலால் மிதித்தால் மரம் முன்பக்கம் சுழலும், அப்போது உளியை வைக்க வேண்டும். காலை எடுத்தால் கம்பு நிமிர்ந்து மரத்தைப் பின்னால் சுழற்றும், உளியை விலக்க வேண்டும். இப்படி நாளெல்லாம் பச்சை மரத்தில் கடைந்து, காயவைத்து, ஊருக்குள் இருக்கும் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அங்கே வேறொருவர் எல்ம் மரப் பலகையைக் காலடியில் வைத்து, வாய்ச்சியால் செதுக்கி, உட்காரும் பள்ளத்தை எடுப்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் கோத்து நாற்காலியாக நிறுத்துவார். பிரம்பு பின்னும் வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்களுடையது.

1875 வாக்கில் அந்த ஊரில் நாளுக்கு 4,700 நாற்காலிகள் செய்தார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. 1877-இல் விக்டோரியா அரசி, பக்கத்து ஹியூகெண்டனில் இருந்த பிரதமர் டிஸ்ரேலியைப் பார்க்க வந்தபோது, நாற்காலிகளையே அடுக்கித் தெருவில் வரவேற்பு வளைவு கட்டினார்கள்.

இரண்டு ஊருக்கும் உண்மையான வேறுபாடு இதற்குப் பிறகுதான் தெரிகிறது. விட்னி கடைசிவரை போர்வையையே பிடித்துக்கொண்டிருந்தது. 1669 முதல் தொழிலில் இருந்த ஏர்லி குடும்பத்தின் பெயர்தான் ஊரின் பெயர்போல. விக்கம் கைவேலையை விட்டு ஆலைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் அதன் மரவேலைப் பட்டறைகள் மாஸ்கிட்டோ என்ற மரப் போர்விமானத்துக்குப் பாகங்கள் செய்தன. போருக்குப் பிறகு ஜி பிளான், எர்கால் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த மரச்சாமான் பெயர்களைக் கொடுத்தது. மரத்தில் எதைக் கேட்டாலும் செய்வோம் என்ற அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனாலும் 2002 இரண்டு ஊரையும் ஒரே ஆண்டில் அடித்தது. பஞ்சு, இறகு அடைத்த மெத்துப் போர்வையும் வீடு முழுக்கச் சூடாக்கும் வசதியும் பரவிய பிறகு கம்பளிக்கு வேலை குறைந்துபோனது. விட்னியின் போர்வை ஆலை அந்த ஆண்டு மூடப்பட்டது. எர்காலும் அதே ஆண்டில் விக்கத்தை விட்டு, பக்கத்து பிரின்ஸஸ் ரிஸ்பரோவுக்கு இடம்பெயர்ந்தது. எர்கால் இன்னும் நாற்காலி செய்கிறது என்பது விக்கத்தின் பக்கம் ஒரு ஆறுதல்.

சந்தை ஊரின் அடையாளத்தில் விக்கம் சளைத்ததல்ல. 1757-இல் கட்டிய கில்ட்ஹால் என்ற ஊர் மன்றம் தூண்களின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு மே மாதமும் புதிய மேயரையும் பழைய மேயரையும் ஊர் நடுவே தராசில் நிறுத்துகிறார்கள். போன ஆண்டைவிட எடை கூடியிருந்தால் ‘இன்னும் கொஞ்சம்!’ என்று அறிவிப்பார்கள், கூட்டம் கேலி செய்யும். ஊர்ப் பணத்தில் கொழுத்தாயா என்று கேட்கும் வழக்கம் அது. ஆனால் ஊர் நடுவே ஓடிய வை ஆற்றை 1960-களில் காங்கிரீட்டுக்குக் கீழே புதைத்துவிட்டார்கள். நாற்காலி ஆலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அந்தத் தொழிலைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

விட்னியில் அப்படியில்லை, பழைய தொழிலின் தடங்களை ஊருக்குள் நடந்தே பார்க்கலாம். சந்தைத் திடலில் பட்டர்கிராஸ் என்ற பழைய கல்தூண் மண்டபம், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் போர்வை மண்டபம், அதற்கும் அப்பால் ஆறு. அதனால் ஒரு நாள்தான் என்றால் விட்னிக்கே போங்கள். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாளை விக்கத்துக்குக் கொடுங்கள்: சனிக்கிழமை போனால் கில்ட்ஹாலைச் சுற்றி இப்போதும் சந்தை கூடும்.