வீட்டில் டென்னிஸ் களம் கட்ட நினைப்பவர்களுக்கு: பூச்சுக்கு அடியில் எங்களுக்கு நடந்த மோசடி

கோவை மாவட்டம் சூலூருக்குக் கிழக்கே, எங்கள் வீட்டுக்குப் பின்புறம் உள்ள 32 சென்ட் நிலத்தில், மகள் விளையாடிப் பழகுவதற்காக ஒரு டென்னிஸ் களம் கட்டினோம். அதற்கு 13,68,000 ரூபாய் கொடுத்தோம். மே மாதக் கடைசியில் களத்தை எங்களிடம் ஒப்படைத்தார்கள். ஐப்பசி மழை தொடங்கிப் பத்து நாள் ஆவதற்குள் தரை, வலை கட்டிய இடத்தை ஒட்டி, ஒரு பக்க வேலியிலிருந்து மறுபக்க வேலி வரை பிளந்துவிட்டது. ஒப்பந்ததாரரின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனெனில் வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. ஆனால் அவர் எதை எங்கே மறைத்தார், நாங்கள் எந்த இடத்தில் கேள்வி கேட்கத் தவறினோம் என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது பலர் களம் கட்டும் யோசனையில் இருக்கிறார்கள், அவர்களில் பலருடைய நிலமும் எங்களுடையதைப் போன்ற கரிசல்தான்.

முதலில் மூன்று பேரிடம் விலை கேட்டோம். இருவர் நிலத்தை வந்து பார்த்து, ஒரு மூலையில் குழி தோண்டி, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்த பிறகே தொகை சொன்னார்கள், இரண்டும் எங்கள் கணக்கை மீறியவை. மூன்றாமவர் குழி எதுவும் தோண்டவில்லை. சதுர அடிக்கு 190 ரூபாய், 120 அடிக்கு 60 அடி, ஆக 7,200 சதுர அடி என்று அங்கேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். கூடவே வண்ண அட்டை ஒன்றையும், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் முத்திரை உள்ள ஒரு சான்றிதழையும் காட்டி, அமெரிக்க ஓப்பன் போட்டி நடக்கும் அதே வகைத் தரைதான் உங்கள் வீட்டிலும் வரப்போகிறது என்றார். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம்.

அந்தச் சான்றிதழ் என்ன என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க ஓப்பன் 1978 முதல் கடினத் தரையில் நடக்கிறது என்பதும், அங்கே மேலே இருப்பது அக்ரிலிக் பூச்சு என்பதும் உண்மையே. ஆனால் கூட்டமைப்பு தரும் அந்த வகைப்பாடு, பந்து தரையில் பட்டு எழும் வேகத்தை மெதுவானது முதல் விரைவானது வரை ஐந்து பிரிவுகளாகப் பிரித்துச் சொல்வது மட்டுமே. பூச்சைத் தயாரிக்கும் நிறுவனம் தன் பொருளுக்காகப் பெறுவது அது. அந்தப் பூச்சை வாங்கி எங்கள் வீட்டில் பூசுகிறவரின் வேலைத் திறனைப் பற்றியோ, பூச்சுக்கு அடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பற்றியோ, அதற்கும் அடியில் இருக்கும் மண்ணைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. களத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவையோ இந்த மூன்றும்தான்.

வேலை தொடங்கிய அன்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜேசிபி மேல் மண்ணை அரை அடிக்கு வழித்து ஒதுக்கிவிட்டு நின்றதைக் கண்டு என்னிடம், "அம்மிணி, இது கரிசக்காடு. வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். நாங்க கிணத்து மேட்டுல ஒரு ரூம் கட்டவே மூணடி மண்ணை எடுத்துட்டுக் கிராவல் கொட்டினோம். இவிய என்ன, மேலால சொரண்டிட்டு நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார். நான் அதை ஒப்பந்ததாரரிடம் சொன்னேன். அவர், "அதெல்லாம் வீட்டுச் சுவருக்குத்தானுங்க மேடம், கோர்ட்டுக்கு என்ன பாரம் வரப்போகுது? ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். அந்தப் பதில் எனக்கு நியாயமாகப் பட்டது. பாரம் அதிகமில்லாததுதான் ஆபத்து என்பது அப்போது எனக்குத் தெரியாது. கரிசல் மண் ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது மேலே இருக்கும் பொருளைத் தூக்குகிறது. இரண்டு மாடிக் கட்டடம் தன் எடையால் அந்தத் தூக்கலை ஓரளவுக்காவது எதிர்த்து நிற்கும், ஆனால் நாலு அங்குலக் கனமே உள்ள ஒரு பெரிய பலகை போன்ற தரையால் அப்படி நிற்க முடியாது. மழை பெய்யும்போது களத்தின் ஓரங்களில் உள்ள மண் முதலில் நனைந்து உப்புகிறது, நடுவில் உள்ள மண்ணோ காய்ந்தபடியே கிடக்கிறது, இந்த வேறுபாட்டில் தரை வளைந்து முறிகிறது. இதைத் தடுக்க வேண்டுமானால் கரிசலை இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, கிராவலை ஆறு ஆறு அங்குல அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணின் குணத்தையே மாற்ற வேண்டும். எங்கள் களத்தில் கிராவலைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு சுற்றுத் தூவி, ஒரே நாளில் ரோலர் ஓட்டி முடித்துவிட்டார்கள்.

விலைப்பட்டியலில் அந்த வேலைக்கு எழுதியிருந்தது "தரமான அடித்தளம்" என்ற இரண்டு சொற்கள்தான். எத்தனை அடி தோண்டப்படும், எந்தப் பொருள் எத்தனை அங்குலம் நிரப்பப்படும் என்று எதுவும் இல்லை. பூச்சைப் பற்றி மட்டும் ஒன்பது வரிகள் இருந்தன. இன்று அந்தத் தாளை எடுத்துப் பார்க்கும்போது, எதை விளக்கமாக எழுதியிருக்கிறார்கள், எதை இரண்டு சொல்லில் முடித்திருக்கிறார்கள் என்பதிலேயே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கான்கிரீட் போட்ட அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். மண்ணின் மேல் பாலிதீன் தாள் விரிக்கவில்லை. அந்தத் தாள் இல்லையென்றால் மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக ஆவியாக மேலேறி, வெளியேற வழியில்லாமல் அக்ரிலிக் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேற்பரப்பைக் கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்ததைப் பார்த்து, எவ்வளவு நேர்த்தியான வேலை என்று மகிழ்ந்தேன். உண்மையில் பூச்சு ஒட்டிப் பிடிக்க வேண்டுமானால் பரப்பு சற்றுச் சொரசொரப்பாக, துடைப்பம் இழுத்தது போல இருக்க வேண்டும். புதிய கான்கிரீட்டில் பூச்சு அடிக்க 28 நாள் காத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் களத்தில் பதினான்காம் நாளே வண்ணம் அடித்தார்கள். கோடு போடும் ஆட்கள் அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், இப்போது விட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். மீதித் தொகையையும் அந்த அவசரத்திலேயே வாங்கிக்கொண்டார்கள்.

பணம் கொடுத்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 சதவீதம் முன்பணம், கான்கிரீட் முடிந்ததும் 40 சதவீதம், கோடு போட்டதும் 20 சதவீதம் என்று பேச்சு. இரண்டாம் தவணையான 5,47,200 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்க்க வேண்டியிருக்காது என்றார். நாங்கள் அதற்கு ஒப்புக்கொண்டது தவறு. வரி ஏய்ப்புக்குத் துணைபோனதோடு, எங்களுக்கு வேண்டிய சான்றையும் நாங்களே இழந்தோம். இப்போது வங்கி வழியாகக் கொடுத்த 8,20,800 ரூபாய்க்கு மட்டுமே எங்களிடம் ஆவணம் இருக்கிறது.

அளவிலும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது ஜூலையில் தெரிந்தது. மகளுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளர் முதல் நாள் வந்து பத்து நிமிடம் ஆடியதும், பின்னால் போக இடமே இல்லையே என்று சொல்லி டேப் கொண்டுவரச் சொன்னார். கோடுகளுக்குள் எல்லாம் சரியாகவே இருந்தது. 78 அடி நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கான 36 அடி அகலம். ஆனால் பேஸ்லைன் எனப்படும், களத்தின் இரு முனைகளிலும் உள்ள கடைசிக் கோட்டுக்குப் பின்னால் 21 அடியும், பக்கவாட்டில் 12 அடியும் இருக்க வேண்டிய இடத்தில், முறையே 15 அடியும் 9 அடியுமே இருந்தன. மொத்தத் தரை 108 அடிக்கு 54 அடி, அதாவது 5,832 சதுர அடி. நாங்கள் 7,200 சதுர அடிக்குப் பணம் கொடுத்திருந்தோம். போடாத 1,368 சதுர அடிக்கு மட்டும் 2,59,920 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். வெறும் நிலத்தில் வேலி போட்டுப் பார்க்கும்போது ஆறு அடிக் குறைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. உயரப் பந்தை எடுக்கப் பின்னால் ஓடும் பிள்ளை வேலியில் மோதும்போதுதான் தெரிகிறது. என் மகளுக்கு வலது தோளில் அப்படி ஒரு முறை அடிபட்டது. இதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

தண்ணீர் வடிவதற்கான சரிவு பற்றியும் பயிற்சியாளர்தான் விளக்கினார். களம் முழுவதும் ஒரே தளமாக, ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்குப் பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சரிய வேண்டும். எங்கள் களத்தில் வலை இருக்கும் நடுப்பகுதி மேடாகவும், இரு முனைகளும் தாழ்வாகவும் இருந்தன. பூச்சு அடிப்பதற்கு முன் தரை முழுவதும் தண்ணீரை விட்டு, அது வடிந்த பின் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, நாணயத்தின் கனத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் பள்ளங்களை நிரப்பிய பிறகே மேலே போக வேண்டும் என்பது முறை. ஒரு தண்ணீர் லாரியும் அரை நாளும் போதும். அந்தச் சோதனையை நாங்களே கேட்டு வாங்கியிருக்கலாம்.

பிறகு மழை வந்தது. முதல் வாரம் வடக்குப் பேஸ்லைன் மூலையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த வாரம் வலைக் கம்பங்களில் ஒன்று உள்பக்கமாகச் சாய்ந்தது. வலையின் கம்பியை இறுக்கும்போது இரு கம்பங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும் என்பதால் அவற்றுக்கு மூன்று அடி ஆழ அடித்தளம் வேண்டும், தோண்டிப் பார்த்தபோது ஓர் அடிதான் இருந்தது. அதே வாரத்தில்தான் அந்தப் பிளவும் விழுந்தது. நடுப்பகுதியில் அதற்குள் இரண்டு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்த முடிந்தது. மழை விட்டு வெயில் அடித்த நாட்களில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கையால் இழுத்தால் தாள் போல உரிந்து வந்தது.

டிசம்பரில் ஒப்பந்ததாரர் இரண்டு ஆட்களை அனுப்பிப் பிளவைப் பசையால் நிரப்பி மேலே வண்ணம் அடித்தார். படம் எடுத்தால் புதிய களம் போலவே இருந்தது. பிப்ரவரி வெயிலில் மண் சுருங்கியதும் அதே இடத்தில், முன்பைவிட அகலமாக, மீண்டும் வாய் திறந்தது. அதன்பின் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. ஐந்து ஆண்டு உத்தரவாதக் கடிதம் ஒன்று கொடுத்திருந்தார், அதை நிதானமாகப் படித்தபோது, நிறம் மங்குவதற்கு மட்டுமே அது பொருந்தும் என்றும், தரை அசைவால் வரும் எந்தச் சேதத்துக்கும் பொருந்தாது என்றும் கடைசிப் பத்தியில் இருந்தது.

உறவினரான கட்டடப் பொறியாளர் ஒருவர் மூன்று இடங்களில் இயந்திரத்தால் துளையிட்டுக் கான்கிரீட் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். நாலு அங்குலம் என்று எழுதியிருந்த கனம், ஓரிடத்தில் மூன்றரை, ஓரிடத்தில் மூன்று, பிளவுக்கு அருகில் இரண்டே முக்கால். துண்டின் அடியில் கரிய மண் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றைத் தேதி எழுதி, சாட்சி கையெழுத்தோடு வைத்திருக்கிறோம்.

வீட்டு உபயோகத்துக்காகக் கட்டியது என்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாங்கள் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருகிறோம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம், குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்ததாரர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போவது இந்தக் காலக்கெடுவை மனத்தில் வைத்தும் இருக்கலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்த பிறகே நாங்கள் விரைந்தோம்.

இப்போது கட்டப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தோண்டும் ஆழம், நிரப்பும் பொருள், ஒவ்வொரு அடுக்கின் கனம், கான்கிரீட்டின் கனம், பாலிதீன் தாள், சரிவின் திசை ஆகிய அனைத்தையும் எண்களோடு எழுதி வாங்குங்கள். குழி திறந்திருக்கும்போது உள்ளே டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள், அந்தப் படம் இல்லாமல் இரண்டாம் தவணையைக் கொடுக்காதீர்கள். பத்து சதவீதத்தையாவது ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் வேண்டாம். அவர் முன்பு கட்டிய களங்களைக் காட்டச் சொன்னால், இரண்டு மழைக்காலம் கண்ட களத்தைக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டியது மூன்று மாதம் முன்பு முடித்த களம். கரிசல் நிலமாக இருந்து, அடித்தளத்துக்குச் செலவு செய்ய வசதி இல்லையென்றால் மண் தரைக் களமே போதும். தினமும் தண்ணீர் தெளித்து உருளை இழுக்க வேண்டியிருக்கும், ஆனால் அதில் விழும் வெடிப்பை ஒரு கூடை மண்ணால் நாமே மூடிவிடலாம்.

இதைச் சரிசெய்ய முடியுமா என்று வேறு இருவரிடம் கேட்டுவிட்டோம். முழுவதையும் உடைத்து எடுத்து, மூன்று அடி தோண்டி, முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை என்று இருவருமே சொன்னார்கள். ஆணையம் நிபுணரை அனுப்பிப் பார்வையிட்டால் காட்டுவதற்கு இந்தத் தரைதான் எங்களிடம் உள்ள முதன்மையான சான்று என்பதால், அதுவரை அதை உடைக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். மகள் வாரத்தில் நான்கு நாள் விடியற்காலை ஐந்து மணிப் பேருந்தில் கோவைக்குப் போய் ஆடிவிட்டு வருகிறாள்.