மான் வேட்டைக்காரர்களின் கேமரா, அழகர்மலை அடிவாரத்துத் தோட்டத்தில்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

அழகர்மலையின் நத்தம் பக்கத்துச் சரிவுக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒரு ஏக்கர் மாந்தோப்பு. மீதியெல்லாம் கடலையும் தட்டைப்பயறும் விதைக்கும் செவல் நிலம். சென்ற ஆண்டு ஆடிப்பட்டத்தில் விதைத்த தட்டைப்பயறு முளைத்து நான்கு இலை விட்ட நேரத்தில், ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் மேய்ந்து தீர்க்கப்பட்டிருந்தது. குளம்படியைப் பார்த்ததும் புள்ளிமான் என்று தெரிந்துவிட்டது. எந்த வழியாக வருகின்றன, எத்தனை வருகின்றன, எந்த நேரத்தில் வருகின்றன என்ற மூன்றும்தான் தெரியவில்லை. இராக்காவலுக்கு ஆள் கிடைக்காத ஊரில் அந்த மூன்று கேள்விக்கும் விடை சொல்லட்டும் என்று, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்ததுதான் இந்தத் தானியங்கிக் கேமரா. இதே வகைக் கேமராக்கள் இப்போது இந்தியாவிலும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன; என்னுடையது நம் பணத்தில் ஏறத்தாழ 9,000 ரூபாய்.

இது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதன் நல்ல குணங்கள் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. ஜார்ஜியாவில் செப்டம்பர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வாக்கில் வெண்வால் மான் வேட்டைக்குரிய பருவம் தொடங்குகிறது. தொடக்க வாரங்களில் வில்லும் அம்பும் மட்டுமே அனுமதிக்கப்படும். துப்பாக்கி வைத்திருப்பவர் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே சுட்டுவிடலாம்; வில்லாளிக்கோ மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வந்தாக வேண்டும். காற்றில் மனித வாடை பட்டாலோ சருகு மிதிபடும் ஓசை கேட்டாலோ மான் நின்று திரும்பிவிடும். ஆகவே அவர்கள் கோடையிலேயே நிலத்தைத் தயார் செய்யத் தொடங்குகிறார்கள். மான் படுக்கும் புதருக்கும் மேயும் இடத்துக்கும் நடுவேயுள்ள ஒற்றையடிப் பாதைகளைக் கண்டுபிடித்து, அம்பு தடையின்றிப் போகும்படி கிளைகளைக் கழித்து, காற்று எத்திசையிலிருந்து வரும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்து மரத்தில் பரண் கட்டுகிறார்கள். மானை வரவழைப்பதற்கென்றே அவர்கள் விதைக்கும் பயிர்களில் நம் தட்டைப்பயறும் ஒன்று என்று மைத்துனர் மகன் சொன்னபோது, என் நிலத்தில் நடந்தது எனக்கு முழுதாக விளங்கியது. அவர்கள் வேண்டுமென்றே விரிக்கும் பந்தியை நான் அறியாமலே விரித்து வைத்திருந்தேன்.

இங்கே மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானைக் காக்கிறது. அதைக் கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் குற்றம். வளரி எறிந்து மான் வீழ்த்திய பழங்கதைகளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் இன்று நாட்டுத் துப்பாக்கியோடு கரட்டில் ஏறுகிறவர்கள் மீது எனக்கு மதிப்பு சிறிதும் இல்லை. நான் எடுத்துக்கொண்டது வில்லாளியின் கவனத்தை மட்டுமே.

இப்போது கருவிக்கு வருகிறேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, மரப்பட்டை நிறத்திலான பெட்டி. மரத்தில் கட்டுவதற்கு ஒரு பட்டை. எட்டு பென்சில் பேட்டரிகளும் ஓர் எஸ்.டி. கார்டும் போட வேண்டும். முன்னால் அசையும் உடற்சூட்டை உணர்ந்து, அரை நொடிக்குள் படம் எடுக்கிறது. மலிவான கேமராக்களில் இந்தத் தாமதம் ஒரு நொடியைத் தாண்டுவதால், பாதையைக் குறுக்காகக் கடக்கும் மானின் வால் மட்டுமே படத்தில் கிடைக்கும் என்பதை உறவினர் ஒருவரின் தோட்டத்தில் கண்டிருக்கிறேன். வாங்குகிறவர்கள் படத்தின் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்காமல் இந்தத் தாமதத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவதாக விசாரிக்க வேண்டியது இரவு வெளிச்சம். இருளில் படமெடுக்க இது அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுகிறது. 850 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குபவை தொலைவு வரை தெளிவாகக் காட்டும், ஆனால் விளக்கு மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டரில் இயங்குபவை கண்ணுக்குப் புலப்படா, படம் சற்று மங்கலாக இருக்கும். என்னுடையது இரண்டாம் வகை. மான் மிரளக்கூடாது என்பது வில்லாளியின் தேவை. திருடன் கண்ணில் படக்கூடாது என்பது என் தேவை. இரண்டுக்கும் இதுவே பொருத்தம். பதின்மூன்று மாதங்களில் ஒரு மான்கூட இதைக் கண்டு துள்ளி ஓடியதாகப் படத்தில் இல்லை.

முதல் வாரம் எனக்குப் பெரும் ஏமாற்றம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் விலங்கு இருந்தவை முப்பதுகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் காற்றில் ஆடிய புல். குறை கருவியிடம் இல்லை, நான் கட்டிய விதத்தில் இருந்தது. முன்னால் ஐந்து மீட்டருக்குப் புல்லையும் தொங்கும் கிளையையும் வெட்டிச் சுத்தம் செய்தேன். இடுப்பளவு உயரத்தில், பாதையைக் குறுக்காகப் பார்க்காமல் பாதை நெடுகிலும் சாய்வாகப் பார்க்கும்படி திருப்பிக் கட்டினேன். மேல்காற்று வீசும் ஆவணி மாதத்தில் கிழக்கு வரப்பு வழியாகவே உள்ளே போய், பத்து நாளைக்கு ஒரு முறை நண்பகலில் மட்டும் கார்டை மாற்றினேன். அதன்பின் கிடைத்த படங்களைப் பார்த்தபோது, சொந்த நிலத்தை முதன்முறையாக இரவில் பார்ப்பதாகவே உணர்ந்தேன்.

ஏழு மான்கள் கொண்ட ஒரு கூட்டம். மாலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையே, மலையிலிருந்து இறங்கும் ஓடைத்தடத்தின் வழியாக, வேலிக் கம்பிக்குக் கீழே மழைநீர் அரித்திருந்த பள்ளத்தில் ஒவ்வொன்றாகக் குனிந்து நுழைகின்றன. விடியற்காலை நாலரைக்கு அதே வழியில் திரும்புகின்றன. நான்கு ஏக்கரைச் சுற்றிலும் வேலி இருக்க, அவை பயன்படுத்தியது ஒன்றரை அடிப் பள்ளம் ஒன்றைத்தான். கிடாக்களில் ஒன்றின் கொம்பு இன்னும் மெல்லிய தோல் போர்த்தியிருக்க, இன்னொன்றின் கொம்பு முற்றித் தெளிந்திருந்தது. வெண்வால் மான் கிடாக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் கொம்பின் தோலை உரிக்கும். புள்ளிமானுக்கு அப்படி ஒரே பருவம் கிடையாது. அதைப் புத்தகத்தில் படித்திருந்தும், என் வரப்பில் அருகருகே நின்ற இரண்டில் பார்த்தது தனி மகிழ்ச்சி.

கடலையைப் பறித்தது மான் அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தெற்கு மூலையில் கட்டியபோது, நள்ளிரவுக்குப் பின் வரும் காட்டுப்பன்றிகள் சால் சாலாக மூக்கால் கிளறிப்போவது பதிவாகியிருந்தது. பழியை ஒன்றின் மேலும் வேலியை வேறோர் இடத்திலும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். சுற்றுப்புற ஊர்களில் இந்தக் கோபத்தில் திருட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுகிறார்கள். அதில் விலங்கும் சாகிறது, அடுத்த தோட்டத்து மனிதரும் சாகிறார். எந்த இடத்தில் அடைக்க வேண்டும் என்று தெரியாததுதான் அந்தக் கொடுமைக்குப் பாதிக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனக்குப் பள்ளத்தில் கல் அடுக்கி முள் வைக்க ஒரு நாள் கூலியும், தெற்கு மூலையில் நாற்பது மீட்டருக்குக் கட்டுக்கம்பி வலையும் போதுமானதாக இருந்தன. வேலிக்கு வெளியே, பட்டா எல்லைக்குள், ஓடையோரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்து நீர் ஊற்றினேன். இந்த ஆடியில் விதைத்த தட்டைப்பயறில் மேய்ச்சல் சேதம் மிகச் சிறிது. மான்கள் தொட்டிக்கு வந்து குடித்துவிட்டுத் திரும்பும் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய குறை, நம் வெயில். இந்த உணரி, விலங்கின் உடற்சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான் இயங்குகிறது. சித்திரையில் பகலில் மண்ணும் பாறையும் மானின் உடலளவு சூடாகிவிடும்போது வேறுபாடு மறைந்து, பத்து மீட்டரில் நடந்த மாட்டைக்கூடத் தவறவிட்டது. பெட்டியில் அச்சிட்டிருந்த இருபத்தைந்து மீட்டர் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. கோடைப் பகலில் ஆறேழு மீட்டரை மட்டும் நம்பலாம். இரவில் நிலம் ஆறிய பின் பழைய திறன் திரும்பிவிடுகிறது.

பேட்டரிச் செலவும் குறைவில்லை. மறுமுறை ஏற்றும் பேட்டரி 1.2 வோல்ட்தான் தரும் என்பதால், 1.5 வோல்ட்டை எதிர்பார்க்கும் இந்தக் கருவி, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே இரவு விளக்கைக் குறைத்துவிடுகிறது. நல்ல அல்கலைன் பேட்டரி போட்டால் மூன்று மாதம் வருகிறது. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில். வெப்பநிலையைப் பாரன்ஹீட்டிலிருந்து மாற்றும் இடத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மேற்கு பார்த்துக் கட்டினால் சாயங்கால வெயிலில் படம் வெளுத்துப்போகிறது. முடிந்தவரை வடக்கு பார்க்கக் கட்டுங்கள். சிற்றெறும்புகள் பேட்டரி அறைக்குள் முட்டையிடும். பட்டையில் கிரீஸ் தடவியபின் அந்தத் தொல்லை நின்றது. படத்தைக் கைபேசிக்கு அனுப்பும் சிம் கார்டு வகையை அமெரிக்காவிலிருந்து வாங்கிவர வேண்டாம். அவற்றில் பல அந்நாட்டு நிறுவனங்களின் இணைப்புக்கென்றே பூட்டப்பட்டவை, இங்கே வெறும் பெட்டியாகிவிடும்.

கருவியைச் சேராத இரண்டு செய்திகளையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வரப்பு வழியாகக் களையெடுக்கும் பெண்கள் அதிகாலையில் நடந்து போகிறார்கள். அவர்களிடம் சொல்லாமல் கேமரா வைப்பது தவறு என்று பட்டதால், எங்கே கட்டியிருக்கிறேன் என்பதை நேரில் காட்டி, அங்கே காலை ஆறு மணிக்கு மேல் இயங்காதபடி நேரத்தை அமைத்துவிட்டேன். மற்றொன்று, மான் வரும் இடமும் நேரமும் தெரியும் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடவே கூடாது. கண்ணி வைக்கிறவனுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். சொந்தப் பட்டா நிலத்தில் மட்டும் கட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் கட்ட வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மலையடிவாரத்தில் பயிர் வைத்திருப்பவருக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஊர்நடுவே தோட்டம் வைத்து மயிலும் நாயும் மட்டுமே வரக் காண்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஒரு கேமரா போதும், ஆனால் அதை ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் இடம் மாற்றி மாற்றிக் கட்டிவிட வேண்டும். ஜார்ஜியாவில் கருவாலி (ஓக்) மரத்தின் காய்கள் உதிரத் தொடங்கியதும் மான் தன் பழைய வழக்கத்தை மாற்றிக்கொள்வதால்தான் பருவத்தின் முதல் வாரங்களை வில்லாளிகள் அவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள். இங்கே ஐப்பசி அடைமழை இறங்கி ஓடையெல்லாம் நீர் நின்றுவிட்டால், மான்கள் தொட்டியையும் மறந்து மலை முழுவதும் சிதறிவிடுகின்றன. சென்ற ஆண்டு கார்த்திகை முழுவதும் எனக்குக் கிடைத்தவை ஒரு மரநாயும் இரண்டு முயல்களும்தான். இந்த ஆண்டு மழைக்கு முன் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது; நேற்றுதான் கேமராவைக் கழற்றி, இதுவரை பார்க்காத மாந்தோப்பின் கிழக்கு வாய்க்காலில் கட்டிவிட்டு வந்தேன்.